மணல்திட்டில் ரெண்டரை மணி நேரம்

மார்ச் 9

என் அக்கா மகள் டாக்டர் தில்லைநாயகி இன்று இந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பறவை டாக்டர். பறவைக்கு ஊசி போடுகிறவள் என்றும் நினைக்க வேண்டாம். ஆராய்ச்சி. கொள்ளிடம் ஆற்றில் இருக்கிற கருவயிற்று ஆலா என்கிற பறவையை இருபத்திரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினேழு நாட்டுக்காரர்கள் அவளுக்குக் கடிதம் போட்டு விவரம் கேட்கிறார்கள். பதினேழோ இருபதோ, நான் எண்ணவில்லை.

"மாமா, காலையிலயும் சாயங்காலமும் கரையில உக்காந்து தொலைநோக்கியில பாருங்க. நேரம், எத்தனை பறவை, என்ன செஞ்சுது, அவ்வளவுதான். பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றாள்.

பார்த்ததை மட்டுமாம்! நாற்பது வருஷம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டினவன் நான். சத்தத்தைக் கேட்டே உள்ளே எந்தக் கம்பி கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். காட்டுமணக்குடியில் என்னை இஞ்சினியர் குஞ்சிதபாதம் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு ஒன்பதாவது பாதி வரைக்கும். பாதியில் நின்றதற்குக் காரணம், நான் கேட்ட கேள்விக்கு வாத்தியாரால் பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச் 12

காலை 6.10. ஆற்று நடுவில் மணல்திட்டு. திட்டில் ஆறு ஆலா. ஆரஞ்சு மூக்கு, தலையில் கருப்புத் தொப்பி, வயிறும் கருப்பு. நான் எழுந்து நின்றதும் ஆறும் என்னைத் திரும்பிப் பார்த்தன. மூன்று ஜோடி.

முதல் வருஷம் தில்லை எண்ணியபோது நாற்பத்தியொரு ஜோடி இருந்ததாம். இப்போது மூன்று. போன இரண்டு வருஷமும் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. "இந்த வருஷமும் இல்லேன்னா இந்த ஆத்துல கதை முடிஞ்சுது மாமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இருக்கும்போது எப்படி முடியும்?

மார்ச் 17

6.10க்கு ஆறு ஆலா. 6.40க்கு அதே ஆறு. 7.05க்கு ஒரு எருமை.

மார்ச் 22

டீக்கடையில் தில்லையின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயதில் செத்த மீன்கொத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுதான் உன் பாடம்" என்று சொன்னது நான். கல்லூரியில் விலங்கியல் எடு என்றது நான். மேல்படிப்புக்குப் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டதும் நான். மணல் குவாரி வழக்கில் அவள் சாட்சி சொல்லப் போன அன்று யாரோ ஜீப் கண்ணாடியைக் கல்லால் உடைத்தபோது, அந்தக் கல்லைப் பிடித்துத் திருப்பி எறிந்ததும் நானேதான்.

இதை யாரோ போய் என் மனைவி செங்கமலத்திடம் ஒப்பித்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"பம்பாய்க்கு நீங்களா ஏத்திவிட்டீங்க? 'காக்கா குருவி பின்னாடி போற பொண்ணை எவன் கட்டுவான்'னு மூணு நாள் அக்கா வீட்டு வாசப்படி மிதிக்கலை. ஜீப்புல கல்லு விழுந்தப்ப நீங்க சீர்காழியில ஒரு காதுகுத்துல பந்தியில இருந்தீங்க."

பந்தியில் இருந்தாலும் மனசு ஜீப்பில்தான் இருந்தது. அவளுக்கு அது எங்கே புரியும்.

மார்ச் 26

முட்டை வைத்துவிட்டன! மூன்று கூடு. கூடு என்றால் குச்சி கிச்சி ஒன்றும் கிடையாது, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். கூழாங்கல் மாதிரி மூன்று மூன்று முட்டை. ஒன்றாம் நம்பர் கூடு திட்டின் இந்தப் பக்கம். இரண்டும் மூன்றும் அந்தக் கோடியில்.

தில்லை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் யாரும் திட்டில் கால் வைக்கக் கூடாது. யாரும் என்றால் கண்டவனும் என்று அர்த்தம்.

ஒரு விசேஷம். வெயில் ஏறினால் ஆலா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆற்றில் வயிற்றை முக்கிக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது. ரொம்ப சுத்தமான பறவை. குளிக்காமல் பிள்ளையைத் தொடாது.

மார்ச் 28

தோணிக்காரன் பாவாடைமேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தில்லைக்குத் தோணி தள்ளுகிறவன். பதினைந்து வருஷமாக அவளோடு இருக்கிறான், தினக்கூலி. இன்று விடிகிற நேரத்தில் முதுகில் பெரிய கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு திட்டுப் பக்கம் தோணியில் போனான். திரும்பி வரும்போது கட்டு இல்லை.

"என்ன பாவாடை, முதுகுல மூட்டை?" என்றேன்.

"முள்ளுங்க."

"முள்ளா? ஆத்துல முள்ளு எதுக்கு?"

"நாய்க்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாய் முள் தின்னுமா? பொய் சொல்கிறவன் இன்னும் கொஞ்சம் நல்ல பொய்யாகச் சொல்லக் கூடாதா? வலையாகத்தான் இருக்கும்.

மார்ச் 30

இன்னொருத்தன் முளைத்திருக்கிறான். பெயர் ஹரிகேசனாம், சென்னையாம். முழங்கை நீளத்துக்குக் காமிரா. டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "ஆலா இந்தப் பக்கம் எங்க சார் கூடு கட்டும்?" என்று கேட்டான். முன்பின் தெரியாதவன் எதற்கு எனக்கு டீ வாங்கித் தருகிறான்? குடித்தேன். ஆனால் பிடிகொடுக்கவில்லை. ஆலா மரத்தில்தான் கூடு கட்டும், அதுவும் அமாவாசை அன்றைக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 1

தில்லை கல்கத்தாவுக்குப் புறப்பட்டாள். ஆற்றுப் பறவைகளைப் பற்றி அங்கே ஒரு மாநாடு. பத்து நாள் ஆகும். ஏழு நாட்டு விஞ்ஞானிகள் இவள் வரவில்லை என்றால் வாயே திறக்க மாட்டோம் என்று பிடிவாதமாக இருக்கிறார்களாம்.

போகும்போது என்னிடம், "மாமா, ஏதாவது சந்தேகம்னா பாவாடை சொல்றதைக் கேளுங்க" என்றாள்.

நான்! பாவாடை சொல்வதை!

ஏப்ரல் 3

காலை 6.20. திட்டின் ஈர மணலில் கால்தடம் தெரிகிறது. மனிதக் கால்தான். ஒன்றாம் கூட்டுக்கு முப்பது அடி தள்ளி வந்து திரும்பியிருக்கிறது.

யார்? நோட்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். பாவாடை. காமிராக்காரன். குவாரிக்காரர்கள் அனுப்பின ஆள். டீக்கடை சாமியப்பன், ஏனென்றால் நான் தொலைநோக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் காது விடைக்கிறது. செங்கமலத்தின் தம்பி. அவன்மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். அவன் திருச்சியில் இருக்கிறான், ஆனாலும்.

செங்கமலம் பட்டியலை எட்டிப் பார்த்தாள். "என் பேரு இல்லையா?" என்றாள். "இடம் இல்லை" என்றேன்.

கரையில் உட்கார்ந்து பார்த்தால் திருடன் அகப்பட மாட்டான். நாளைக்கு நேரில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 4

இன்று நான் செய்த காரியத்தைத் தில்லை கேட்டால் மாநாட்டில் சொல்லிப் பெருமைப்படுவாள்.

பாவாடைக்குத் தெரியக் கூடாது என்று தெற்குப் பக்கமாகக் கழுத்தளவு தண்ணீரை நீந்திக் கடந்தேன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிஸ்கட் பொட்டலம். பத்து மணிக்குத் திட்டில் ஏறினேன். ஒன்றாம் கூட்டிலிருந்து பத்தடியில் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். என்ன வெயில்! மணல் செருப்பையும் தாண்டிச் சுட்டது. குடை இல்லையென்றால் மண்டை பிளந்திருக்கும்.

இரண்டு ஆலாவும் என் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. ஒன்று என் குடையைக்கூடத் தொட்டுவிட்டுப் போயிற்று. யாருக்கும் கிடைக்காத பாக்கியம். அவற்றுக்கு ஆள் தெரிகிறது. காவல்காரன் வந்துவிட்டான் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

பன்னிரண்டரை வரைக்கும் நின்றேன். ரெண்டரை மணி நேரம். ஒரு பயல் வரவில்லை. நான் நிற்கும்போது எவன் வருவான்?

கூட்டுப் பக்கம் கருவேல முள் நிறைய வெட்டிப்போட்டுக் கிடந்தது. வெள்ளத்தில் வந்திருக்கும்.

வீட்டில் செங்கமலம், "கழுத்தளவு தண்ணியில நீந்தினவருக்கு வேட்டி முழங்காலுக்கு மேல நனையவே இல்லையே" என்றாள். நல்ல வெயில், காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 5

காலை 6.30. இரண்டாம் கூட்டில் ஆலா உட்கார்ந்திருக்கிறது. மூன்றிலும். ஒன்றில் உட்காருகிறது, எழுந்துகொள்கிறது. மறுபடி உட்காருகிறது.

ஏப்ரல் 6

ஒன்றாம் கூட்டில் யாரும் இல்லை. இரண்டு ஆலாவும் தள்ளிப் போய்த் தண்ணீர் ஓரமாக நிற்கின்றன. தொலைநோக்கியில் பார்த்தேன், முட்டை மூன்றும் அப்படியே இருக்கிறது. திருடவில்லை. அப்புறம் ஏன்?

விஷம் வைத்திருக்கிறான்.

ஏப்ரல் 7

வனத்துறை ரேஞ்சர் அம்மாவுக்கு மனு எழுதினேன். நாலு பக்கம். "உயர்திரு சமூகத்துக்கு, காட்டுமணக்குடி இஞ்சினியர் குஞ்சிதபாதம் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்து, பாவாடை விடிகாலையில் வலை சுமந்ததையும், மழுப்பினதையும், திட்டில் கால்தடம் இருந்ததையும், அதற்கு மூன்றாம் நாள் ஆலா கூட்டைவிட்டு எழுந்ததையும் தேதிவாரியாகப் போட்டேன். வலை என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் மனுவில் "ஏதோ ஒரு கட்டு" என்று எழுதினால் யார் மதிப்பார்கள்?

ஏப்ரல் 9

மனு வேலை செய்துவிட்டது. விசாரணை முடிகிற வரைக்கும் பாவாடை ஆற்றில் தோணி இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"மோட்டார்காரரே, நான் வலை எடுத்துட்டுப் போனதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தவன் சொல்றதைத்தான் எழுதினேன்."

"யாரு பார்த்தது?"

"அதெல்லாம் விசாரணையில வரும்."

"அது முள்ளுங்க. ஆத்துல தண்ணி வத்துனா கரையிலேர்ந்து நாய் நடந்து வந்துரும். வர்ற வழியில வெட்டிப் போடுவேன். பதினஞ்சு வருசமாப் போடுறேன். டாக்டரம்மாவைக் கேளுங்க. அந்தக் கால்தடமும் என்னுதுதான்." அப்புறம், "எங்க தெருவுல பசங்க என்னை முட்டைத்திருடன்னு கூப்பிடுதுங்க" என்றான்.

நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டேன். செங்கமலம் அவனுக்கு மோர் கொடுத்தாள். குடிக்காமல் போய்விட்டான். டம்ளரை அவள் என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மோரை நான் குடித்தேன்.

ஏப்ரல் 11

தில்லை வந்துவிட்டாள். பையை வைத்ததும் வைக்காததுமாகத் திட்டுக்குப் போனாள், தனியாக. நாலு நிமிஷம்தான் அங்கே நின்றாள், திரும்பிவிட்டாள். கையில் ஒரு முட்டை. விஷம் வைத்துவிட்டான் என்றேன்.

"யாரும் விஷம் வைக்கலை மாமா. வெந்துடுச்சு" என்றாள்.

"வெந்துதா? அடுப்பா மூட்டினான்?"

"வெயில்ல. அது வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து உக்காந்து முட்டையைக் குளிர வைக்கும். பகல்ல ஒரு கால் மணி நேரம் வரவிடாமப் பண்ணினாலே போதும், உள்ள இருக்கறது போயிடும். நோட்டைக் கொடுங்க."

கொடுத்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வாத்தியார் பேப்பர் திருத்துகிறபோது எதிரில் நிற்கிற மாதிரி நின்றேன். எருமை வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். பம்பாய் ரயில் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு பக்கத்திலேயே ரொம்ப நேரம் இருந்தாள்.

"நாலாம் தேதி திட்டுல நின்னீங்களா?"

"ஆமா. காவல்."

"எவ்வளவு பக்கத்துல?"

"பத்தடி."

"நீங்க நின்னப்ப பறவை என்ன செஞ்சுது?"

"என் தலைக்கு மேல சுத்திச்சு. கத்திச்சு."

"கூட்டுல உக்காந்துச்சா?"

"நான் பக்கத்துல நிக்கும்போது அது எப்படி உக்காரும்?" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

தில்லை நோட்டை மூடவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டரை மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. இது நிஜமா மாமா? இல்ல, வழக்கம்போலவா?"

சமையல்கட்டு வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு செங்கமலம் சொன்னாள்: "அவரு அஞ்சு நிமிஷத்தை அரை நாள்னு எழுதுற ஆளும்மா. போய் எட்டிப் பார்த்துட்டு ஓடியாந்திருப்பாரு."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்காக ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வழி திறந்து கிடந்தது. ஆமாம், அஞ்சு நிமிஷம்தான் என்று சொன்னால் போதும். எல்லாரும் நம்புவார்கள். ஊரே நம்பும். நான் கூட்டித்தான் சொல்வேன் என்று எல்லாருக்கும் தெரியும். பாவாடைமேல் பழி கிடக்கும், கிடந்துவிட்டுப் போகட்டும்.

"கூட்டி எழுதலை தில்லை. குறைச்சு எழுதியிருக்கேன். பன்னிரண்டரைக்கு அப்புறம் பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இன்னும் முக்கால் மணி நேரம் நின்னேன்."

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முட்டையைத் தன் கைக்குட்டையில் சுற்றி, பெட்டியில் வைத்து, பெட்டிமேல் தேதி எழுதினாள். காரணம் என்று ஒரு கோடு இருந்தது. அதில் 'ஆள் நடமாட்டம்' என்று எழுதினாள். பெயர் எழுதவில்லை.

ஏப்ரல் 12

வன அலுவலகம். ரேஞ்சர் அம்மா, தில்லை, பாவாடை, நான். ரேஞ்சர் அம்மா என் மனுவை எடுத்து, "இதுல வலைன்னு இருக்கே, யார் பார்த்தது?" என்றார்.

"யாரும் பார்க்கலைங்க. முள்ளு. நான்தான் வலைன்னு எழுதினேன். முட்டையையும் நான்தான் கெடுத்தேன்."

இதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாலு வாக்கியம். என் வாழ்க்கையிலேயே ஒரு ஆபீசுக்குப் போய் இவ்வளவு சீக்கிரம் திரும்பியது இன்றைக்குத்தான்.

வெளியே வந்து பாவாடையிடம், "மன்னிச்சுக்க பாவாடை" என்றேன்.

"என்னைத் திருடன்னு எழுதினதைக்கூட விடுங்க மோட்டார்காரரே. ரெண்டும் தலைக்கு மேல கிடந்து அந்தக் கத்து கத்தியிருக்கும். மேல நிமுந்து பார்க்கத் தோணலையா உங்களுக்கு?"

பார்த்தேனே. குடையை விலக்கிக்கொண்டு பார்த்தேன். பார்த்துத்தானே அதையெல்லாம் எழுதினேன்.

ஏப்ரல் 13

எழுதவில்லை.

ஏப்ரல் 15

தில்லை என்னைக் கரையிலிருந்து அகற்றிவிடுவாள் என்று நினைத்தேன். அகற்றவில்லை. தொலைநோக்கியை மட்டும் இன்னும் நூறு அடி பின்னால் தள்ளி, இலுப்பை மரத்தடியில் வைத்தாள். ஆனால் ஒரு வித்தியாசம். தோணியில் போய்விட்டு வருகிறவள் முன்னெல்லாம் "மாமா, இன்னைக்கு இத்தனை" என்று தானாகச் சொல்வாள். இன்று நானாகக் கேட்டேன்.

"எப்படி இருக்கு தில்லை, ரெண்டும் மூணும்?"

"நல்லா இருக்கு மாமா."

அவ்வளவுதான். பாவாடை தோணியைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் போனான்.

ஏப்ரல் 18

பாவாடை முள் வெட்டப் போனான். நானும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எட்டுக் கட்டு வெட்டினேன். எட்டு இல்லை, இரண்டு. கையெல்லாம் கீறல். கரை வரைக்கும் சுமந்து கொடுத்தேன். அங்கிருந்து அவன் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான். நான் தண்ணீரில் காலை வைக்கவில்லை.

ஏப்ரல் 23

டீக்கடையில் ஹரிகேசன். சந்தேகப்பட்டதுக்கு வெட்கமாக இருக்கிறது, கடத்தல்காரன் இல்லை. ஒரு பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவன். நாலு பேர் எதிரில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டான்.

"சார், டாக்டர் மேடம் பேட்டி தர மாட்டேங்கறாங்க. நீங்கதான் அவங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து வழிகாட்டின்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. உங்களை வெச்சே கட்டுரை பண்ணிடலாம். முழுப்பக்கம். திட்டு ஓரமா நீங்க நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம். பத்து நிமிஷ வேலை."

சாமியப்பன் பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "இஞ்சினியரு பேப்பர்ல வரப்போறாரு டோய்" என்று ஒருத்தன் கத்தினான்.

முழுப்பக்கம்! கண்ணாடி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்.

"நான் வழிகாட்டி இல்லை தம்பி" என்றேன். "அவளை பம்பாய்க்குப் போகாதேன்னு சொன்னவன் நான். கூடு எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியாது."

"தெரியாதா? தினம் அங்கதானே சார் உக்காந்திருக்கீங்க?"

"மூட்டுவலிக்குக் காத்து வாங்க."

கடையே சிரித்தது. "யோவ், இவருக்கா தெரியாது? கேட்டா ஆலா பாஷையே தெரியும்பாரே!" என்றான் சாமியப்பன். சிரித்துக்கொள்ளட்டும். டீக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவன் நம்பாமல் என் பின்னாலேயே வருவானோ என்று சந்தேகமாக இருந்தது. நேராக ஆற்றுக்குப் போகாமல் அரிசி மில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 24

காலை 6.15லிருந்து 8.00 வரை இலுப்பை மரத்தடியில் இருந்தேன்.

இரண்டாம் கூட்டில் ஒன்று நடந்தது. பிறகு மூன்றிலும். நான் கண்ணால் பார்த்தேன். தொலைநோக்கியை விட்டு எழுந்து யாரையாவது கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிடவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுபத்தேழு வயது ஆள்.

தில்லையும் பாவாடையும் தோணியில் திரும்பி வந்தார்கள். தில்லை முகத்தைப் பார்த்தேன். எத்தனை குஞ்சு என்று நான் கேட்கவில்லை. அவள் கரையேறி, என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், தானாகவே ஒரு எண்ணைச் சொன்னாள்.

நான் எண்ணினதும் அதேதான்.

வீட்டில் செங்கமலம், "என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு? அங்க என்ன விசேஷம்?" என்றாள். மூட்டுவலி தேவலை என்றேன். அவள் நம்பவில்லை. சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

இந்த நோட்டு யார் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யாரோ, எவரோ. எத்தனை என்று இங்கே எழுதப் போவதில்லை.